பழைய காரின் கிரவுன் ஆயில் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்தில் பல வீட்டு ஷெட்டுகளில் இன்னமும் ஓர் அம்பாசிடரோ பத்மினியோ ஜீப்போ நிற்கிறது. கல்யாணம், முன்னோருக்கான படைப்பு, பொங்கல் என்று ஆட்கள் ஊருக்கு வரும்போது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் துணி போர்த்திக் கிடக்கும். இப்படிப்பட்ட கார்களை மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம்.

கிரவுன் ஆயில் என்றால் எது?

பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகப் புடைத்து நிற்கும் ஹவுசிங்குக்குள் இருக்கும் ஆயில். பட்டறையில் கிரவுன் ஆயில், ஹவுசிங் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் என்று மூன்று பெயரும் புழங்குகிறது, மூன்றும் ஒன்றுதான். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பினியன் என்ற சின்னப் பற்சக்கரம் வாங்கிக் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்துக்குக் கொடுக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற விடுவது அதற்குள் இருக்கும் ஸ்பைடர் கியர். இவற்றுக்கு ஆயில் பம்ப் கிடையாது. கிரவுன் வீல் அடியில் கிடக்கும் ஆயிலில் முங்கி, சுற்றும்போது அள்ளி மேலே வீசும். அந்த வீச்சுதான் பேரிங்குகளுக்கும் பினியனுக்கும் போய்ச் சேருகிறது.

எங்கள் வீட்டில் மாருதி 800 நிற்கிறது. அதற்கும் மாற்ற வேண்டுமா?

தனியாக வேண்டாம். அது முன்சக்கர டிரைவ். டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு ஒரே கூட்டுக்குள் இருக்கிறது. கியர் ஆயில் மாற்றினால் அதற்கும் சேர்த்துத்தான். அம்பாசிடர், பத்மினி, கான்டெஸா, ஆம்னி எல்லாம் பின்சக்கர டிரைவ், அவற்றுக்குப் பின் ஹவுசிங் தனி. நாலு சக்கர டிரைவ் ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஹவுசிங். நடுவில், சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆயில் உண்டு. பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன்னால் மறந்துபோகிற ஜீப்புகள்தான் அதிகம்.

கார் வருஷத்துக்கு 500 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. ஓடாத காருக்கு ஆயில் எதற்கு மாற்றணும்?

ஓடாததால்தான். பகல் வெயிலில் ஷெட் சூடாகும்போது ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று விரிந்து மேலே உள்ள பிரீதர் என்ற சின்னக் காற்றுத் துளை வழியாக வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்று இப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் நீராகப் படிகிறது. கிரவுன் வீலின் மேல்பாதியும் மேலே நிற்கும் பேரிங் உருளைகளும் ஆயிலுக்கு வெளியே இருக்கின்றன. அவற்றில் ஒட்டியிருந்த ஆயில் மாதக் கணக்கில் வழிந்து இறங்கியபின், ஈரம் நேராக இரும்பில் உட்காரும். துருப் புள்ளி விழுந்த பேரிங் அடுத்த தடவை ஓடும்போது ஊளையிட ஆரம்பிக்கும்.

இன்னொன்று. “வாரம் ஒரு தடவை வாட்ச்மேன் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓட விடுகிறார்” என்பார்கள். என்ஜினுக்கு அது ஏதோ கொஞ்சம் உதவும். நியூட்ரலில் நிற்கும் காரில் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றாது, கிரவுனும் சுற்றாது. மாதம் ஒரு முறையாவது காரை வெளியே எடுத்துக் குன்றக்குடி வரை போய்வந்தால்தான் ஹவுசிங்குக்குள் ஆயில் வீசும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றலாம்?

ஓடும் காருக்கு 20,000 கிலோமீட்டர், நிற்கும் காருக்கு இரண்டு வருஷம். எது முதலில் வருகிறதோ அது. கிரவுன், பினியன், பேரிங் எதையாவது புதிதாகப் போட்டிருந்தால் முதல் 1,000 கிலோமீட்டரில் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புப் பொடி அதில் வந்துவிடும். எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாமல் வாங்கிய காராக இருந்தால், கிலோமீட்டரைப் பார்க்க வேண்டாம், இந்த வாரமே மாற்றுங்கள்.

எந்த ஆயில்?

அம்பாசிடர், பத்மினி, ஜீப் மூன்றுக்கும் ஹைபாய்டு வகைக் கிரவுன். அதாவது பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே இறங்கி இருக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்வாகப் போகவும் காருக்குள் தரை மேடு குறையவும் இந்த ஏற்பாடு. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு நிற்காமல் நீளவாக்கில் உரசிக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்கத்தான் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் உள்ள இ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) ஆயில். டப்பாவில் ஜி.எல்-5 என்ற கியர் ஆயில் தரம் போட்டிருக்க வேண்டும், கனம் (ஆயிலின் கெட்டித்தன்மை) இ.பி. 90 அல்லது 80டபிள்யூ-90. சித்திரை வெயிலுக்கும் அது போதும்.

ஜி.எல்-4 கியர்பாக்ஸுக்கு நல்லது, ஹைபாய்டு கிரவுனுக்குப் போதாது. திருப்பிச் செய்வதும் தப்பு: கிரவுனுக்கு வாங்கிய ஜி.எல்-5-இல் மிச்சமிருக்கிறதே என்று கியர்பாக்ஸில் ஊற்றினால், அந்தக் கந்தகச் சேர்மானம், கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ வளையங்களின் பித்தளையை அரிக்கலாம். கியர்பாக்ஸுக்கு உங்கள் காரின் கையேடு என்ன சொல்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள்.

“என்ஜின் ஆயில் 40, கியர் ஆயில் 90. அப்படியானால் இரண்டு மடங்கு கனம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் ஆயில் 90-இன் கனம் ஏறக்குறைய என்ஜின் ஆயில் 40, 50-க்குச் சமம். வித்தியாசம் கனத்தில் இல்லை, சேர்மானத்தில்தான். அதனால்தான் கிரவுனில் என்ஜின் ஆயில் ஊற்றினால் கொஞ்ச நாளில் பற்களின் முகம் வரிவரியாகக் கிழிகிறது.

140 கனம்? தேய்ந்த கிரவுனின் சத்தத்தை அது கொஞ்சம் அமுக்கும், தேய்மானத்தைக் குறைக்காது.

எவ்வளவு வாங்கணும்?

அம்பாசிடருக்குச் சுமார் ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். ஜீப்பின் பின் ஹவுசிங்கும் அதே அளவில்தான். ஒரு ஹவுசிங்குக்கு ஒரு லிட்டர் டப்பா இரண்டு வாங்கி வையுங்கள். ஆனால் லிட்டர் கணக்கை நம்பி ஊற்றக் கூடாது. நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்தால் நிறைந்தது, அவ்வளவுதான் அளவு.

என்னென்ன எடுத்து வைக்கணும்?

பிளக்குக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பானர் அல்லது சதுரச் சாவி, இரண்டு லிட்டர் பிடிக்கும் பழைய பேசின், ஆயில் ஏற்றும் கைப் பம்ப் அல்லது பெரிய சிரிஞ்ச், ஒரு முழ பிளாஸ்டிக் டியூப், கம்பி பிரஷ், டெஃப்லான் டேப், நிறைய பனியன் வேஸ்ட், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கட்டை. பிளக்கின் தலை சில ஹவுசிங்கில் சதுரமாக வெளியே நிற்கும், சிலவற்றில் சதுரக் குழியாக உள்ளே இருக்கும். குழி வகைக்குச் சாவி கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் ஒரு சதுரக் கம்பியை அளவுக்குச் சீவித் தரச் சொல்லுங்கள். கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகினால் முனை மழுங்கி அப்புறம் யாராலும் கழற்ற முடியாது.

சரி, எப்படி மாற்றுவது?

முதலில் ஓட்டுங்கள். குளிர்ந்த கியர் ஆயில் பாகு மாதிரி இறங்கும், அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்த் திரும்பினால் போதிய சூடு ஏறியிருக்கும். புது ஆயில் டப்பாவை அந்த நேரத்தில் வெயிலில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் தண்ணீர் மாதிரி ஏறும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுங்கள். ஷெட்டில் குழி இருந்தால் வேலை சுலபம். நாள்பட மூடிக் கிடந்த குழியானால் பலகையை எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாம்பும் தேளும் தங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. குழி இல்லையென்றால் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார்த்திவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும், செங்கல்லை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

இப்போது முக்கியமான வரிசை: மேலே உள்ள நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது கழன்று வந்த பிறகுதான் கீழே உள்ள டிரெயின் பிளக்கைத் தொட வேண்டும். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, மேல் பிளக் அசையவே இல்லை என்றால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியிருக்கும் செம்மண்ணைக் கம்பி பிரஷால் சுரண்டி, துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் பிளக் வரும்போது அந்த மண் முழுக்க உள்ளே விழும்.

டிரெயின் பிளக்கைக் கடைசிச் சுற்றில் உள்நோக்கி அமுக்கிக்கொண்டே திருகி, சட்டென்று கையை இழுத்துக்கொள்ளுங்கள். ஆயில் சூடாக வரும். அரை மணி நேரம் விடுங்கள். ஒழுக்கு நூலாகி, நூல் அறுந்து சொட்டாகி, சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி விழும்வரை காத்திருப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பிளக்குகளைத் துடையுங்கள். மரை கூம்பு வடிவில் இருந்தால் அது தானாகவே அடைத்துக்கொள்ளும் வகை, வாஷர் கிடையாது. டெஃப்லான் டேப் இரண்டு சுற்றுப் போதும், குழாய் வைத்து நீட்டி முறுக்க வேண்டாம். நேர் மரை என்றால் செம்பு வாஷர் இருக்கும். பழைய வாஷரைத் திரும்பப் போடுவதானால் அடுப்பில் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு எடுங்கள். செம்பு இளகி மறுபடியும் நன்றாகப் படியும். இரும்பு வாஷருக்கு இது பொருந்தாது.

கீழ் பிளக்கை மாட்டியபின் பம்பால் மேல் துளை வழியே நிதானமாக ஏற்றுங்கள். காரை ஸ்டாண்டில் தூக்கியிருந்தால், இந்தக் கட்டத்தில் நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் ஆயில் பினியன் பக்கம் ஓடிவிடும், துளையில் வழிவதற்குள் தேவைக்கு அதிகமாக ஏறிவிடும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் குறைவான ஆயிலே வழிந்து ஏமாற்றும். துளையில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, மிச்சம் வடிய ஐந்து நிமிஷம் விட்டு, சுண்டுவிரலை மடக்கி உள்ளே விட்டுப் பாருங்கள். விளிம்புக்கு நேராக ஆயில் தட்டுப்பட்டால் மூடிவிடலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து இரண்டு பிளக்கையும் துடைத்துப் பார்த்தால் கசிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பிளக் அசையவே மாட்டேன் என்கிறது. வெல்டிங் கேஸ் காட்டலாமா?

வேண்டவே வேண்டாம். அம்பாசிடரில் பெட்ரோல் டேங்க் பின்னால்தான் இருக்கிறது. துரு இளக்கும் ஸ்பிரேயோ டீசலோ அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பிளக்கின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் மரையில் பிடித்த துரு விடும். முதலில் இறுக்கும் பக்கம் நூலளவு திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

டிரெயின் பிளக்கே காணோமே?

சில ஹவுசிங்குகளில் அப்படித்தான். பின்மூடி போல்ட் போட்டு மாட்டியிருந்தால், கீழ் போல்ட்டுகளை முதலில் லூஸ் செய்து மூடியை மெல்ல நெம்பினால் ஆயில் கீழ் இடுக்கு வழியே இறங்கும். மூடியைக் கழற்றியது கழற்றியதுதான், உள்ளே அடியில் படிந்திருக்கும் சேற்றையும் துடைத்துவிட்டுப் புதுப் பேக்கிங் போட்டு மூடுங்கள். மூடியும் இல்லாத வகை என்றால் மேல் துளை வழியே டியூப் விட்டுப் பம்பால் உறிஞ்ச வேண்டும். கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும்.

வெளியே வந்த ஆயிலில் என்ன பார்க்கணும்?

அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். ஹவுசிங்கைத் திறக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்வது அந்தப் பேசின்தான். ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு ஆயிலுக்குள் மெல்ல ஓட்டி எடுங்கள். பையின்மேல் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டினால் சாதாரணத் தேய்மானம், கவலை வேண்டாம். விரலில் தேய்த்தால் நறநறக்கும் துகள் என்றால் கவனிக்க வேண்டும். நகம்போல் மெல்லிய தகடுகள் பேரிங்கின் முகம் உரிகிறது என்பதற்கு அடையாளம். அரிசி அளவில் கனமான துண்டு ஒன்று கிடைத்தாலும் அது பல்லிலிருந்து உடைந்தது. காரை ஓட்டாமல் கிரவுனைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு ஸ்பைடர் கியரின் வாஷர் தேய்வதால் வருவது.

கறுப்பாக இருப்பது மட்டும் குற்றமில்லை. கருகிய வாடை அடித்தால் ஆயில் குறைந்து சூடேறியிருக்கிறது. புது ஆயிலே பூண்டு அழுகிய மாதிரி நாறும், அது கந்தகத்தின் வாடை. டீ நிறத்தில் பால் கலந்தது போலிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

சில சமயம் ஆயிலோடு கஞ்சிபோல் ஏதோ சேர்ந்து வரும். மரத்தூள். ஊளையிடும் கிரவுனை விற்கும்வரை வாயடைத்து வைக்கப் பழைய கார்ச் சந்தையில் செய்யும் வேலை. அந்தக் காரை வாங்கியவர் நீங்கள் என்றால், கிரவுன் செலவு ஒன்று காத்திருக்கிறது.

மழையில் கண்மாய் தண்ணீர் சாலையில் ஓடியபோது கார் அதில் இறங்கிவிட்டது. ஆயில் மாற்ற வேண்டுமா?

தண்ணீர் ஹவுசிங்கைத் தொட்டிருந்தால், ஆமாம். ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் வழியாகவோ ஆயில் சீலின் ஓரமாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாளே வடித்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால், விலை குறைந்த ஜி.எல்-5 ஆயில் ஒன்றை ஊற்றி 20 கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு வடித்து, பிறகு நல்ல ஆயில் ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அது முழுக்க வெளியே வராது. பேரிங் இடுக்கில் மிஞ்சுவது புது ஆயிலை நீர்க்க வைத்துவிடும். பின் பிரேக் டிரம்களையும் கழற்றி உலர்த்துங்கள்.

பிரீதர் எங்கே இருக்கிறது? அதைப் பற்றி எந்த மெக்கானிக்கும் பேசுவதில்லையே?

ஆக்சிலின் மேல்புறத்தில், விரல் நுனி அளவில் சின்ன மூடியோடு நிற்கும். மேலே ஒரு விரற்கடைச் செம்மண் அப்பியிருப்பதால் கண்ணுக்கே தெரியாது. அது அடைத்துவிட்டால், ஓடும்போது விரியும் காற்றுக்குப் போக வழியில்லாமல் ஆயிலை ஆக்சில் சீலைத் தாண்டித் தள்ளும். ஆயில் டிரம்முக்குள் இறங்கும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். சீலை மாற்றுவார்கள், இரண்டு மாதத்தில் மறுபடியும் ஒழுகும். “சீல் டூப்ளிகேட்” என்று கடைக்காரர் மேல் பழி விழும். சீல் மாற்றுவதற்கு முன் பிரீதரைச் சுரண்டி, மெல்லிய கம்பி விட்டுத் துளையைத் திறந்து, மூடி லேசாக ஆடுகிறதா என்று பாருங்கள். எங்கள் கணக்கில், எந்தக் கம்பெனி ஆயில் என்று யோசிக்கும் நேரத்தைவிட இதற்குச் செலவழிக்கும் ஐந்து நிமிஷம் உருப்படியானது.

கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே?

இல்லை. கூடுதல் ஆயில் நுரைக்கும், சூடேறும், கடைசியில் டிரம்முக்குத்தான் போகும். ஆயில் ஊறிய பிரேக் ஷூவை நெருப்பில் காட்டி, உப்புத்தாள் போட்டுத் திரும்ப மாட்டுவது ஆபத்து. லைனிங் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

ஆயில் மாற்றினால் பின்னால் கேட்கும் சத்தம் போய்விடுமா?

ஆயில் குறைந்ததால் வந்த சத்தம் என்றால் குறையும். தேய்ந்ததால் வந்தது போகாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டதும் மாறினால் கிரவுன், பினியன் பக்கம் பாருங்கள். வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் பெரும்பாலும் வீல் பேரிங். கிளட்ச் விடும்போது ஒரே ஒரு ‘டக்’ என்றால் கிரவுனைச் சந்தேகிப்பதற்கு முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அது மலிவான வேலை.

ஹவுசிங்கின் முன்பக்கம் ஒழுகுகிறது. நட்டை இறுக்கினால் நிற்குமா?

பினியன் சீல் போயிருக்கிறது. ஒழுகும் ஆயிலைச் சுழலும் கப்ளிங் வீசியடிப்பதால், காரின் அடித்தகட்டில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கும். அந்த நட்டை இறுக்கினால் ஒழுக்கு நிற்காது. பல ஹவுசிங்குகளில் பினியன் பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிப்பது அந்த நட்டுதான் என்பதால் பேரிங் கெட்டுப்போகலாம். சீல் மாற்றும்போதும் நட்டு, ஷாஃப்ட் இரண்டிலும் குறி போட்டுக் கழற்றி, அதே குறிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இது தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

ஆயில் ஆத்தங்குடிக் கல் தரையில் சிந்திவிட்டது. என்ன செய்ய?

துடைத்துப் பரப்பாதீர்கள். மரத்தூளோ சிமெண்ட் பொடியோ அள்ளிக் கொட்டி, ஒரு நாள் ஊற விட்டுக் கூட்டி எடுங்கள், இரண்டு மூன்று தடவை. பிறகு சோப்புத் தண்ணீர். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, எண்ணெயைக் குடிக்கும். ஆசிட் ஊற்றினால் பூவேலையும் சேர்ந்து அரித்துப் போகும். வேலைக்கு முன்னாலேயே தார்ப்பாயும் அதன்மேல் அட்டையும் விரித்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது.

பழைய ஆயிலை என்ன செய்வது? கரையானுக்குத் தேக்கு நிலையில் பூசலாம் என்கிறார்களே?

பூசாதீர்கள். கந்தக நாற்றம் மாதக் கணக்கில் வீட்டு வளவு முழுக்க நிற்கும், மரத்தில் ஏறிய கறுப்பும் போகாது. வாய்க்காலிலும் கொட்ட வேண்டாம். அடுத்த மழையில் அது ஊருணிக்குத்தான் போய்ச் சேரும். புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுங்கள். பீப்பாய் கணக்கில் எடுத்துப்போக அவர்களிடம் ஆள் வருவார்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஓர் அட்டையில் எழுதி டாஷ்போர்டுக்குள் வையுங்கள். அடுத்து காரை எடுப்பவர் உங்கள் தம்பியாகவோ பேரனாகவோ இருக்கலாம்.